கழற்சிக் கொட்டை அளவு

எங்கள் வீட்டு வேட்டைத் துவக்கின் வாய் இறுக்கமானது. பார்த்தால் தெரியாது. விரலை விட்டுத் தடவினாலும் தெரியாது. பின்பக்கத்தால் ஒரு கழற்சிக் கொட்டையைப் போட்டுக் குழலைச் சரித்தால், அது கடகடவென்று ஓடிவந்து வாய்க்குக் கொஞ்சம் உள்ளே நின்றுவிடும். அப்போதுதான் தெரியும். துவக்குக் கடைக்காரர் இதற்குச் ‘சோக்’ என்று பெயர் சொல்வார்களாம். நாங்கள் வாய் இறுக்கம் என்றுதான் சொல்வோம்.

அது என் மாமனார் வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு. அவர் காலமானபின் லைசென்ஸ் என் கணவரின் பெயருக்கு மாறிவந்தது. தாராவும் காட்டுக்கோழியும் சுடுவதற்கென்று செய்த சாமான். தோட்டாவுக்குள் இருக்கிற கடுகு போன்ற சன்னங்கள் வெளியே வந்ததும் சிதறிவிடாமல், ஒரு கட்டாகப் போகவேண்டும் என்றுதான் வாயை அப்படி இறுக்கி வைத்திருக்கிறார்கள். சன்னம் சின்னது. நெருங்கி ஒடுங்கிப் போய்விடும். அதே குழலுக்குள் ஒரே பெரிய குண்டைப் போட்டால் அது எப்படி ஒடுங்கும்? வாயில் அடைபட்டு நிற்கும். பின்னால் மருந்து எரிந்துகொண்டு வரும்.

இதெல்லாம் எனக்குத் தெரியவேண்டிய சங்கதியே இல்லை. நான் இறக்கக்கண்டியில் வலைக்காரர் வீட்டில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். கல்யாணம் முடித்துச் சாம்பல்தீவுக்கு வந்த புதிதில், வீட்டுக்கு யாரும் வந்தால் குசினிக்குள் போய்ப் பானையைக் கழுவிக்கொண்டு நிற்பேன். கழுவின பானையைத்தான்.

ஆனால் எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவரை நான் மறக்கவில்லை. மாமனாரின் பழைய கூட்டாளி. அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க அவர் கையை என் தலைக்கு மேலே கொண்டுவந்தபோது, அந்தக் கையில் விரல்கள் குறைவாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கண் பால்போல வெளுத்திருந்தது. பிறகு கணவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“வாய் இறுக்கமான துவக்குக்குள்ள பெரிய குண்டைப் போட்டவர்” என்றார். “தவளை விழுங்கின சாரைப்பாம்பு மாதிரிக் குழல் வீங்கிக் கிழிஞ்சு போச்சு.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் அந்தத் துவக்கைத் துடைக்கும்போதெல்லாம் நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சண்டை தொடங்கிய காலம். துவக்குகளையெல்லாம் பொலிஸில் கையளிக்கக் கட்டளை வரப்போகிறது என்று கதை அடிபட்டதே தவிர, இன்னும் வரவில்லை. ஆனால் பன்றிக்குப் போடுகிற பெருஞ்சன்னத் தோட்டா கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் எழுதிக் கொடுத்தால் கடுகுச் சன்னத் தோட்டா கொஞ்சம் கிடைக்கும். அவ்வளவுதான். இரவில் வயலுக்குக் காவல் போகவும் வழியில்லை, ஊரடங்கு. பன்றிகளுக்கு ஊரடங்கு இல்லை.

அந்த வருஷம் வந்தது ஒரு தனியன் பன்றி. கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் திரிகிற ஆண் பன்றி. பகலில், கடல்நீர் தேங்குகிற களப்போரத் தாழைப்பற்றைக்குள் படுத்துக் கிடக்கும். இருட்டியதும் வந்து, கதிர் தள்ளப்போகிற குடலைப் பயிரை உழுதுபோட்டுவிட்டுப் போகும். அது தின்றது கொஞ்சம். மிதித்ததும் கிளறியதும்தான் மிச்சம். என் கணவர் ஒருநாள் விடியும் நேரம் கடுகுச் சன்னத்தால் அதற்கு ஒரு வெடி வைத்தார். மழைத்துளி பட்டதுபோல முதுகை உதறிவிட்டு அது தன் பாட்டில் போனது.

எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அக்காவுடையது. அக்கா என்று நான் சொல்வது சொந்தத்தில் இல்லை, பக்கத்து வளவு. வயதான தாயை வைத்துக்கொண்டு தனியாக அந்தக் காணியைச் செய்துகொண்டிருந்தா. என்னைவிடச் சில வயது மூப்பு. வாய் ஓயாத மனுஷி. நான் பேசாத கதையையும் சேர்த்து அவவே பேசிவிடுவா. அப்போது அவவுக்கு மூதூர்ப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசிவந்திருந்தது. அறுவடை முடிய வந்து நாள் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தப் பயிர் வீடு வந்து சேரவேண்டும் என்று எங்களை விட அவவுக்குத்தான் தவிப்பு.

“ஒற்றைக் குண்டு போட்டாத்தான் அது விழும்” என்றார் என் கணவர், முற்றத்தில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு.

“போடுங்கோவன். ஆர் உங்களை மறிச்சது?” என்றா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

“ஈயம் வேணும். அச்சு வேணும்.”

“கடற்கரையில இருந்து ஈயக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டுவந்து குசினிக்குள்ள வைச்சுக்கொண்டு, ஈயத்துக்கு அழுறார் மனுசன்!”

நான் குசினிக்குள்தான் நின்றேன். அவ சொன்னது சரி. நான் பிறந்த வீட்டில் வலைக்கு ஈயமணி வார்ப்பது பெண்களின் வேலை. ஆண்கள் வலை முடிவார்கள். நாங்கள் அடுப்பில் ஈயத்தை உருக்கி, மேலே மிதக்கிற கழிவை வழித்தெடுத்து, புற்றுமண் அச்சில் ஊற்றுவோம். அச்சில் ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ஈயம் துள்ளி முகத்தில் அடிக்கும். அதனால் அச்சு காயும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவளுக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். எனக்குப் பத்து வயதிலேயே கொடுத்தார்கள்.

மறுநாள் இறக்கக்கண்டிக்குப் போனேன். கடலுக்குப் போகத் தடை. துறைமுகப் பக்கமிருந்து கடற்படைப் படகுகள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகும். அண்ணனின் வலை பந்தலில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“கழட்டிக்கொண்டு போ” என்றார் அண்ணன். “கடல் காணாத வலைக்கு ஈயம் என்னத்துக்கு? ஆனா வலைக்குத் தெரியாமக் கழட்டு. கோவிச்சுக்கொள்ளும்.”

திரும்பிவரும்போது கரையோரப் பற்றையில் கழற்சிக் கொட்டைகள் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். சாம்பல் நிறத்தில், கல்லைப்போல இறுகி, உருண்டையாக இருக்கும். பிள்ளைகள் கோலிபோல உருட்டிப் போளையடிக்கிற கொட்டை. ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சின்னது. அச்சுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

அன்று பின்னேரம் முற்றத்தில் அளவு பார்த்தோம். அக்காவும் வந்திருந்தா. நான் முதல் கொட்டையைத் துவக்கின் பின்பக்கத்தால் போடப் போனேன்.

“அதால பாக்காதை” என்றார் கணவர். “வாயால போடு. வாய் விட்டுதெண்டா முழுக்குழலும் விடும்.”

வாயால் போட்டேன். சில கொட்டைகள் போகவே இல்லை. சில, விரலால் தட்டினால் போயின. அவற்றை அவர் எறிந்துவிட்டார். “தட்டவும் கூடாது, தள்ளவும் கூடாது. தன்ர பாரத்தில தானா விழவேணும்.” கடைசியில் ஒன்று வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கி, அவர் பின்பக்கத்தில் பிடித்திருந்த உள்ளங்கைக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு போட்ட ஒன்று அதைவிடச் சின்னது. கலகலவென்று உருண்டு விழுந்தது.

“இது சரிவராது” என்று அந்தச் சின்னனை ஒதுக்கினார். “கலகலத்தாக் குண்டு குழலுக்குள்ள இஞ்சயும் அங்கயும் முட்டி, வெளியால போகேக்க தன்ர எண்ணத்துக்குப் போகும். பிறகு நான் ஒரு பக்கம் பாக்க அது ஒரு பக்கம் போயிடும்.”

வழுக்கி விழுந்த கொட்டையில் பேனாக்கத்தியால் சிலுவைபோல ஒரு கீறு போட்டு அக்காவிடம் நீட்டினார். “இதுதான் அளவு.”

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. “மூதூர் மாப்பிள்ளையையும் இப்பிடி வாயால விட்டுப் பாத்து எடுத்தா நல்லது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்னது என்னைச் சிரிக்கவிடவில்லை. “உள்ளபடி எண்டா, துவக்கை மரத்தில கட்டிவைச்சு, முதல் வெடியைத் தூர நிண்டு கயிறால இழுத்துப் பாக்கவேணும். அப்பா அப்பிடித்தான் செய்வார். பழைய குழல்.”

“அப்பிடிப் பாருங்கோவன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்டதோ தெரியாது.

“எப்பிடிப் பாக்கிறது? ஊர் விதானையார் ஆமி முகாமில போய், இன்ன நாள் பின்னேரம் பண்டிக்கு ஒரு வெடி கேக்கும் எண்டு சொல்லி வைச்சிருக்கிறார். ஒரு வெடி. ரெண்டாவது கேட்டா ஊருக்குள்ள வந்துடுவாங்கள்.”

ஆக, முதல் வெடியே அவருடைய முகத்துக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும்.

அவர் வயலுக்குப் போனபின் நான் அச்சுச் செய்தேன். கீறுபோட்ட கொட்டையை இரண்டு பாதியாகப் புற்றுமண்ணில் பதித்து, வெயிலில் காயவைத்து, தணலிலும் காட்டி எடுத்தேன். ஈயத்தை உருக்கி ஊற்றினேன். ஆறியதும் அச்சைப் பிரித்து எடுத்து, பொருத்து விழுந்த வரம்பைக் கத்தியால் சீவி உருட்டினேன். துவக்கு அறைக்குள் சாத்தியிருந்தது. அவர் காட்டித்தந்தபடி திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, குண்டை வாயில் வைத்தேன்.

விழுந்தது. ஆனால் விழுவதற்கு முன் ஒரு கண நேரம் தயங்கியது. தட்டவில்லை, தள்ளவில்லை. தானாகத்தான் விழுந்தது. அவர் சொன்ன கணக்குக்கு அது சரியான குண்டு. இன்னும் கொஞ்சம் சீவியிருந்தால் அந்தத் தயக்கமும் இருந்திராது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குள் எனக்கு வெளுத்த கண் தெரிந்தது. விரலில்லாத கை என் தலைக்கு மேலே வந்தது.

அந்த அச்சை உடைத்தேன். ஒதுக்கிப்போட்ட சின்னக் கொட்டையைத் தேடி எடுத்தேன். அதைப் பதித்துப் புதிதாக அச்சுச் செய்து, முதல் குண்டையும் சேர்த்து உருக்கி, இருந்த ஈயம் முழுவதையும் ஒவ்வொரு குண்டாக அதிலேயே ஊற்றினேன். எல்லாக் குண்டுகளும் கலகலவென்று விழுந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை.

அவர் வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து வாயால் போட்டார். சத்தத்தைக் கேட்டு என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் சின்னனோ?”

“ஈயம் ஆறினாச் சுருங்கும்” என்றேன்.

அது பொய்யில்லை, ஈயம் சுருங்கும்தான். ஆனால் அவ்வளவு சுருங்காது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

“வலைக்காரன் மகளுக்குத் தெரியாததோ” என்றார். ஒரு தோட்டாவிலிருந்த கடுகுச் சன்னத்தைக் கொட்டிவிட்டு, அதற்குள் குண்டை வைத்து மூடினார். நான் பிறந்த வீட்டுக் கைவேலையை நம்பித்தான் அவர் அந்தக் குண்டை ஏற்றுக்கொண்டார்.

சொல்லி வைத்த நாளில் பொழுது சாய்வதற்கு முன் பன்றியைக் கலைக்கப் போனோம். முன்னைய காலமென்றால் இதை ஆளரவம் இல்லாத நேரத்தில், மரத்தில் பரண் கட்டி, தனியாக இருந்து செய்வார்கள். இப்போது வெளிச்சத்தில் செய்யவேண்டும். வெளிச்சத்தில் என்றால் பன்றி தானாக வராது, ஆட்கள் நின்று கலைத்துவிடவேண்டும். அயல் வயல்காரர் நாலைந்து பேர் தகரம் கொண்டுவந்தார்கள். அக்கா பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தா.

“என்ர சீதனப் பெட்டி. நெளிஞ்சாப் பண்டியிட்டத்தான் வாங்குவன்” என்று அடிக்கத் தொடங்கினா.

நான் வரம்பில் தூர நின்றேன். என் கண் பன்றி வருகிற பக்கம் போகவில்லை. அவர் துவக்கைத் தோளுக்கு உயர்த்திய கையில்தான் நின்றது. பற்றை குலுங்கியது. கரிய உடம்பு வெளியே வந்தது. வெடித்தது.

துவக்கு முழுதாக இருந்தது. கை முழுதாக இருந்தது. கண் இரண்டும் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிக்குள்தான் அக்கா கத்தியது கேட்டது.

குண்டு அவர் பார்த்த இடத்துக்குப் போகவில்லை. பன்றியின் தோளைப் பார்த்துச் சுட்டது, பின்தொடையில் பட்டிருந்தது. பன்றி விழவில்லை. சுழன்று, சத்தம் கேட்ட பக்கம் பாய்ந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அக்கா ஓடும்போது வரம்பில் சறுக்கி விழுந்தா. பன்றி அவவின் தொடையைக் கிழித்துக்கொண்டு கண்டல் மரங்களுக்குள் போனது.

உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் போட்டு அவவைத் திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் சீலைத் துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். விதானையார் முகாமுக்குச் சொன்னது பாலத்தடி ஆமிச் சாவடிக்குத் தெரியாது. வெடிச்சத்தம் கேட்டது, பின்னால் இரத்தத்தோடு ஆள் வருகிறது என்றால் அவர்கள் விடுவார்களா? என் கணவரை இறக்கி வைத்துக் கேள்வி கேட்டார்கள். லைசென்ஸைக் காட்டினார். திரும்பவும் கேட்டார்கள். பன்றி என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் எங்களோடு வந்த ஒருவர் பன்றிமாதிரி உறுமிக் காட்டினார். வேறு நேரமென்றால் அக்கா அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பா. அவ என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தா. எங்களை விட்டபோது நன்றாக இருட்டிவிட்டது.

உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. நரம்பு அறுந்து நேரம் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவ அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தா. மூதூரிலிருந்து அறுவடைக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் வரவில்லை.

ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் நான் என் கணவரிடம் சொல்லிவிட்டேன். குசினி வாசலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கீறுபோட்ட கொட்டையில் வார்க்கவில்லை, சின்னதில் வார்த்தேன் என்று. 

“துவக்கு வெடிச்சிடும் எண்டோ?”

“ஓம்.”

“சரி. இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை. என்ர குறி பிழைச்சதெண்டே இருக்கட்டும்.”

“அக்காவிட்டையோ?”

“அவவிட்டையும்தான். சொன்னா அவவுக்குக் கால் திரும்பி வருமோ? உன்ர முகத்திலயும் முழிக்கமாட்டா, பிறகு அவவுக்கு ஒருத்தரும் இல்லாமப் போயிடும்.”

பன்றி மறுநாள் கண்டலுக்குள் செத்துக் கிடந்தது. தேத்தண்ணிக் கடையில் அவரைக் கண்டால் இளந்தாரிகள், “வாறார் பார், பண்டியின்ர பின்பக்கத்துக்குப் பொட்டு வைச்ச வேட்டைக்காரன்” என்பார்கள். பறக்கிற தாராவை விழுத்துகிற மனிதர் அவர். சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். அக்காவின் காணியை எங்கள் காணிக்கு முதல் உழுது கொடுப்பார். கொஞ்சக் காலத்தில் கட்டளை வந்தது. துவக்கைத் துடைத்து, சாக்கில் சுற்றிக்கொண்டுபோய்க் கையளித்துவிட்டு வந்தார். மிச்சமிருந்த குண்டுகளைக் களப்புக்குள் எறியப் போனபோது அக்கா வேலியில் நின்று கேட்டா.

“ஒண்டை எனக்குத் தாங்கோ. என்ர கலியாணத்தைக் குழப்பின சாமானை நானும் ஒருக்காப் பாக்கவேணும்.”

அவர் கொடுத்தார். அவ அதை வெற்றிலை வைக்கிற கொட்டப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டா. பிறகு கல்யாணக் கதை எங்கே வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவா. “என்னைப் பெண் பாக்க வந்தது ஒரு பண்டிதான். அதுக்கும் இவர் குண்டு போட்டுட்டார்.” எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழும்பி உள்ளே போய்ப் பானை கழுவுவேன்.

பிறகு சாம்பல்தீவை விட்டு ஓடவேண்டி வந்தது. போகிற இடமெல்லாம் அக்காவும் தாயும் எங்களோடுதான். தாய் இடையில் போய்ச் சேர்ந்தா. கடைசியில் அன்புவழிபுரத்தில் பக்கத்துப் பக்கத்து வளவில் குடியேறினோம். விடிய நான் புட்டவித்தால் முதல் கிண்ணம் அவவுக்கு. மழைக்காலத்தில் கால் விறைக்கும். எண்ணெய் காய்ச்சிக்கொண்டுபோய்ப் பூசிப் பிடித்துவிடுவேன். தண்ணீர் அள்ளி வைப்பேன், சீலை தோய்ப்பேன். அவ வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பா, நான் பிடித்துக்கொண்டிருப்பேன். தழும்பு கையில் தட்டுப்படும். அந்த இடம் வந்ததும் என் கை தன்னாலே மெதுவாகிவிடும்.

“கூடப்பிறந்தது கூட இப்பிடிப் பாக்காது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவா. “என்ர தங்கச்சி.”

அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ சுடும். காயாத அச்சில் ஊற்றிய ஈயம்போல.

சண்டை முடிந்து சில வருஷத்தில் என் கணவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் அவருடைய சாமான்களை ஒதுக்க அக்கா வந்திருந்தா. கதிரையில் இருந்துகொண்டு, தோட்டா வைத்திருந்த பழைய தகரப்பெட்டியை மடியில் கவிழ்த்தா. பொத்தான், துருப்பிடித்த பூட்டு, சவர அலகு. அதற்குள்ளிருந்து ஒரு கழற்சிக் கொட்டை உருண்டது.

அவ அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா, அன்றைக்குப் பார்த்ததுபோலவே. கீறு அப்படியே இருந்தது. பிறகு கொட்டப்பெட்டியைத் திறந்து குண்டை எடுத்தா. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டா. 

“பிள்ளை, இஞ்ச வா.”

போனேன்.

“இது அவர் எனக்குக் காட்டின கொட்டை.”

“ஓம் அக்கா.”

“இது அவர் தந்த குண்டு.”

“ஓம்.”

“ரெண்டும் ஒண்டில்லை.”

ஈயம் ஆறினால் சுருங்கும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது தயாராகத்தான் இருந்தது.

“ஒண்டில்லை அக்கா” என்றேன். “நான்தான் சின்னனாக்கினனான். குழல் வெடிச்சு அவருக்கு ஏதும் வந்திடும் எண்டு.”

“அவருக்குத் தெரியுமோ?”

“அண்டைக்கே சொன்னனான். ஒருத்தரிட்டையும் சொல்லவேண்டாம் எண்டிட்டார்.”

“அப்ப சனம் பொட்டு வைச்சவன், பொட்டு வைச்சவன் எண்டு பகிடி பண்ணேக்க… நானும் எத்தினை தரம் சொல்லிச் சிரிச்சிருப்பன்…” சுவரில் மாலை போட்டிருந்த அவருடைய படத்தைப் பார்த்தா. “பேசாம இருந்திட்டார் மனுசன்.”

நான் நின்றேன். காலைப் பற்றிக் கேட்பா, மூதூரைப் பற்றிக் கேட்பா என்று நின்றேன். கேட்டால் சொல்ல ஒன்றுதான் இருந்தது. இன்றைக்கு அதே துவக்கை அவர் கையில் கொடுத்தாலும் நான் அந்தச் சின்னக் கொட்டையைத்தான் எடுப்பேன். அதை எப்படி அவவுக்குச் சொல்வது?

அவ காலைப் பற்றிக் கேட்கவில்லை.

“காலை விடு. பண்டிக்கு ஆர் புத்தி சொல்லுறது” என்றா. “நீ இவ்வளவு காலமும் கொண்டுவந்த புட்டு, பூசின எண்ணெய், தோய்ச்ச சீலை… எல்லாம் இதுக்கோ?”

நான் அவவின் மடியில் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“நான் உண்மையா என்ர தங்கச்சி எண்டெல்லோ நினைச்சிருந்தன்.”

கொட்டையையும் குண்டையும் கதிரைச் சட்டத்தில் வைத்துவிட்டு, தடியை ஊன்றி எழும்பினா. நான் பிடிக்கப் போனேன். “வேண்டாம்” என்றா. கால் இழுபடுகிற சத்தம் வாசல் படலை வரைக்கும் கேட்டது.

அவவின் கேள்விக்கு என்ன பதில் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். தொடக்கத்தில் இதற்குத்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் அவவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் எனக்குச் சோறு இறங்காமல் போனது எதற்கு? அவவின் குரல் கேட்காத காலையில் வீடு வெறிச்சென்று கிடந்தது எதற்கு? ஈயத்தை உருக்கினால் கழிவு மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிடலாம். இதை எவ்வளவு காய்ச்சியும் எது கழிவு, எது ஈயம் என்று எனக்குப் பிரியவில்லை.

விடிந்தது. கை பழகின பழக்கத்தில் புட்டவித்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவவின் படலையடியில் போய் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அவ கண்டுவிட்டா.

“இண்டைக்கு என்னத்துக்கு வந்தனி?”

“சும்மா.”

“சும்மாவோ?”

“ஓம் அக்கா. சும்மாதான் வந்தனான்.”

தடி நிலத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“சும்மா வாறவள் வெறுங்கையோட வா.”

கிண்ணத்தை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். “இரு” என்று கதிரையைக் காட்டினா. அந்த வீட்டில் நான் அதுவரை ஒரு கதிரையில் இருந்ததில்லை. எப்போதும் நின்றபடி ஏதாவது செய்துகொண்டுதான் இருப்பேன். இருந்தேன்.   மதிலில் ஒரு காகம் வந்து இறங்கியது. புட்டைக் கொத்திக் கொத்தித் தின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.